முன் கூடத்தில் ஓர் இலை

அக்கா,

உன் வருஷத் திதிச் சாப்பாட்டில் எனக்கு ஒரு திரைக்குப் பின்னால் இடம் போட்டார்கள். பச்சைத் திரை. சாப்பிட்ட கையோடு விலக்கிப் போனவர்களின் மஞ்சள் விரல் தடம் ஓரமெல்லாம் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த எரிச்சல் உனக்கு மட்டும்தான் புரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் மகனைக் குறை சொல்ல முடியாது. காலையில் குற்றாலத்து ஆற்றங்கரையில் திதி கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே ஒரு புது ஓட்டலைச் சாப்பாட்டுக்குப் பேசியிருந்தான். முன் கூடத்தில் உன் படத்துக்கு ரோஜா மாலை. சொந்தக்காரர், கடைவீதிக்காரர் என்று ஆண்கள் உள்ளே போனார்கள். அவன் என்னிடம் வந்து, "சித்தி, லேடீஸ் எல்லாம் அங்கன ஃபேமிலி ரூம்ல இருங்க. ஆம்பளைக பந்தி முடியவும் உங்களுக்குத்தான்" என்றான். பணிவாகத்தான் சொன்னான். ஒருவன் பணிவாகச் சொல்லும்போது சண்டைக்கும் போக முடியாது.

உள்ளே போனால் காற்றாடி ஓடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம். உன் மருமகளும் சொந்தக்காரப் பெண்களும் ஒரு பக்கம். உன்னிடம் கருவாடு எடுத்துத் தெருத்தெருவாக விற்ற வடகரைப் பெண்கள் இன்னொரு பக்கம், விடிகாலையிலேயே பஸ் ஏறி வந்தவர்கள், வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார்கள். திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். முன் கூடத்தில் இருந்த ஒரே பெண் நீதான், அக்கா. அதுவும் படமாக.

நீயும் நானும் தோழிகள் என்று அன்றைக்கு எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எப்படி ஆரம்பித்தது என்று ஒருவருக்கும் தெரியாது. தென்காசிச் சந்தையில் எனக்கு எதிர்க்கடை நீ. தூத்துக்குடிக் கருவாட்டுத் தளத்தில் நான் கை வைத்த நெத்திலிக் குவியலுக்கு என்னைவிடக் கூட விலை கேட்டு அள்ளிக்கொண்டு போனவள். கடைசி வரைக்கும் யாவாரத்தில் எனக்கு ஒன்றையும் விட்டுக்கொடுத்ததில்லை, நானும் உனக்குக் கொடுத்ததில்லை. வண்டி வாடகை மிச்சமாகும் என்றுதான் ஒரே வண்டியில் சரக்கேற்றத் தொடங்கினோம். வண்டி ஒன்றானபின் மதியச் சாப்பாடும் ஒன்றானது.

கட்டிக்கொண்டு போன சோறு ஒருநாள் அந்த வெயிலில் புளித்துப்போனது நினைவிருக்கிறதா? அன்றைக்குத்தான் முதல்முதலாகத் துறைமுகச் சாலையில் ஓட்டல் தேடிப் போனோம். கல்லாவில் இருந்தவர் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆம்பளை யாரும் கூட வரலியா?" என்று கேட்டார். "வந்திருந்தா அவரு சாப்பிட்டுட்டு எங்களுக்குப் பொட்டலமா கட்டிட்டு வருவாரு" என்றாய் நீ. அவர் சிரிக்கவில்லை. பின்பக்கம் கையைக் காட்டினார். அங்கே இதே போல ஒரு திரை. முன்னால் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு நமக்கு வந்தது வால் துண்டும் அடிக்குழம்பும். காசு மட்டும் முழு மீனுக்கு.

அடுத்த ஓட்டலில் இன்னும் மோசம். உள்ளே கால் வைக்குமுன்பே ஒருவன் ஓடிவந்து, "உங்க மேல கருவாட்டு வாடை அடிக்கி. மத்தவங்க சாப்பிடாண்டாமா?" என்றான். வாசல் பலகையில் 'மீன் சாப்பாடு தயார்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. நீ அந்தப் பலகையைப் பார்த்தாய், அவனைப் பார்த்தாய். "உன் சட்டியில கெடக்கது மல்லிகைப் பூவாலே?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தாய். பின்னால் வந்த நான் பசியில் உன்னைத்தான் திட்டினேன்.

அதற்குப் பிறகு சரக்கெடுக்கப் போகும்போதெல்லாம் உனக்கு இதே வேலை. நல்ல ஓட்டல் எது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் மீன் ருசியைச் சொல்வார்கள், மசாலாவைச் சொல்வார்கள். நீ வாசலிலேயே நின்று முன் கூடத்தை எட்டிப் பார்ப்பாய். ஒரு பெண்ணாவது இலை போட்டு உட்கார்ந்திருக்கிறாளா என்று பார்ப்பாய். "கல்லாவுல பொம்பளை இருக்காளே" என்று நான் காட்டினால், "துட்டு வாங்க உக்கார வச்சிருக்கான். திங்க வச்சிருக்கானா பாரு" என்பாய்.

கடற்கரைச் சாலையில் ஒரு கடையில் ஊளி மீன் குழம்பு அப்படி இருந்தது. தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு, விரலை எடுக்க மனசு வராது. ஆனால் திரைக்குப் பின்னால்தான் இடம். இனிமேல் இங்கே வர வேண்டாம் என்றாய். எனக்குப் பொறுக்கவில்லை. "கொழம்பு நல்லாருக்கு. திரை தொங்குனா நமக்கென்ன? திரையவா திங்கப் போறோம்?" என்றேன்.

"ஒளிஞ்சு திங்கதுக்கு எங்க வீட்டு அடுக்களை போதும்ட்டி. அங்க துட்டும் கேக்க மாட்டாவ" என்றாய்.

விலை பேசுவதில் என்னைத் தோற்கடித்தவர்கள் குறைவு. அன்றைக்குத் தோற்றேன்.

கடைசியில் நமக்கு அகப்பட்டது மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் பெயர்ப்பலகைகூட இல்லாத மெஸ். தகரக் கூரை, நீள பெஞ்சு. உப்பு மூட்டை சுமக்கிறவர்கள் தோளில் உப்புப் படிந்தபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாம் வாசலில் தயங்கினோம். மெஸ்காரர் கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "இடம் இருந்தா உக்காருங்க, இல்லன்னா நில்லுங்க. யாரா இருந்தாலும் அதான்." பெஞ்சில் இருந்த ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். எங்கள் மேல் கருவாட்டு வாடை அடிக்கும் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். "நாங்க உப்பு, நீங்க மீனு. பக்கத்துல உக்காந்தா கெட்டுப் போவாம இருப்பிய" என்றார். சிரித்துச் சிரித்து உனக்குப் புரையேறியது. சாளை மீன் குழம்பில் அன்றைக்குப் புளி தூக்கல்தான். இருந்தாலும் அதற்குப் பிறகு நாம் வேறு ஓட்டலைத் தேடவில்லை.

இதெல்லாம் அந்தப் பச்சைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. முதலில், திதி நாளில் வம்பு வேண்டாம் என்றுதான் இருந்தேன். அப்போது வடகரைப் பெண்களில் மூத்தவள், "பந்தி முடிய நேரமாவும் போலுக்கே, பஸ்ஸு போயிருமே, சாப்பிடாமலே கெளம்பிருவமா?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகக் கேட்டாள். உன் பெயரைச் சொல்லிப் போடுகிற சோறு. உன் சரக்கைத் தலையில் சுமந்தவள் அதைச் சாப்பிடாமல் பஸ் ஏறப் பார்க்கிறாள். அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை.

திரையை விலக்கிக்கொண்டு நேராக முன் கூடத்துக்குப் போனேன். உன் படத்துக்கு எதிரே நாலைந்து இலை காலியாகக் கிடந்தது. அந்த இலைக்காரர்கள் வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஓர் இலையில் உட்கார்ந்து தண்ணீர் தெளித்தேன். சாம்பார் வாளிக்காரர் அப்படியே நின்றுவிட்டார். உன் மகன் ஓடி வந்தான்.

"சித்தி, அங்கன சொன்னம்லா..."

"இடம் இருந்துச்சுப்பா. உக்காந்துட்டேன்."

உன் சம்பந்தி அடுத்த வரிசையில் இருந்து, "இன்னைக்கு ஒருநா பொறுக்கக் கூடாதாம்மா?" என்றார்.

"யாருக்குத் திதி குடுத்தோமோ அவ பொறுத்ததில்ல, அண்ணாச்சி. வடகரையில இருந்து வந்தவிய பஸ்ஸுக்குப் போவணும். அவியளையும் கூப்பிடுங்க."

யாரும் கூப்பிடவில்லை. நான்தான் எழுந்து போய் மூத்தவளின் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். அவள் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். போன் பேசிவிட்டு வந்த ஆண்கள் இலையில்லாமல் நின்றார்கள். நிற்கட்டும். உன் மருமகள் திரையோரம் வரைக்கும் வந்தாள், அதைத் தாண்டவில்லை. வீட்டுக்குப் போய்ப் பதில் சொல்ல வேண்டியவள் அவள். எனக்கு அவள்மேல் கோபமில்லை.

உன் மகன் கொஞ்ச நேரம் என்னையும் உன் படத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வாளிக்காரரிடமிருந்து கரண்டியை வாங்கி வடகரை மூத்தவளின் இலையில் அவனே சாம்பார் ஊற்றினான். முகம் மட்டும் உர்ரென்று இருந்தது. உனக்கு நெத்திலிக் குவியல் தட்டிப்போன நாளில் இருக்கிற அதே முகம். சாம்பார் சுமார்தான், அக்கா. உப்பு குறைச்சல். இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் தூத்துக்குடிக்குச் சரக்கெடுக்கப் போகிறேன். உன் மருமகளிடம் "வாரியாட்டி?" என்று கேட்டிருக்கிறேன். கேட்டுச் சொல்கிறேன் என்றாள். யாரைக் கேட்பாளோ.

அவள் வந்தாலும் வராவிட்டாலும் நான் போய் அந்த மெஸ் பெஞ்சில்தான் உட்காருவேன். மற்ற ஊர்களில் எந்த ஓட்டல் படியேறினாலும் திரை தொங்குகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். தொங்கினால் இறங்கிவிடுகிறேன். நல்ல குழம்பு எத்தனையோ இதனால் போயிற்று. இறங்கி நடக்கும்போது பசியில் இன்றைக்கும் உன்னைத்தான் திட்டுகிறேன்.