பெயருக்குப் பின் ஒரு மூச்சு

கியோட்டெரா,
வெட்டுக்கிளி இறங்கத் தொடங்கி இரண்டாம் வாரம்.

அன்பு மகள் நகாட்டோவுக்கு, உன் அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கு அவளுடைய வாய், மற்றபடி இருவரும் நலம். அங்கே நீ நலமா? எல்லாரும் கடிதத்தின் முதல் வரியில் கை போன போக்கில் எழுதுகிற கேள்விதான் இது, ஆனால் நான் இந்த முறை பதில் வேண்டிக் கேட்கிறேன் மகளே. வாழைத்தார் லாரி ஓட்டும் முசிசி நாளைக்கு நீ இருக்கும் ஜூபாவுக்குக் கிளம்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஃபோன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தைக் கிறுக்குகிறார் என்று சிரிக்காதே, காரணம் இருக்கிறது, வரிசையாகச் சொல்கிறேன்.

போன மாதம் பேசும்போது நீ கேட்டாய், அப்பா, எனக்கு இந்த வகுப்பறையே வேணாம்னு ஆயிருச்சு, சாக்பீஸ் பிடிச்ச கைக்கு வெளியில என்ன வேலை கிடைக்கும்னு. நீ விட்டுவிட்டு வருவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஆறு பேரைத் திணித்து, தொண்டை கட்டக் கட்டக் கத்தியவன் நான், எனக்குத் தெரியாதா. ஆனால் வெளியே வந்தவர்கள் கதையையும் கேட்டுக்கொள். கலேமா வாத்தியார் கோழிப் பண்ணை வைத்தார். பழக்க தோஷம், எல்லாக் கோழிக்கும் பெயர் வைத்துவிட்டார், பெயர் வைத்ததை அறுக்க மனசு வரவில்லை, இப்போது கிழட்டுக் கோழிகளுக்குத் தீனி போட்டே ஆள் பாதியாகிவிட்டார். அது பண்ணையா, பென்ஷன் வாங்குற கோழிங்களா என்று உன் அம்மா கேட்கிறாள். நம்பூசே டீச்சர் தையல் கடை போட்டிருக்கிறாள், நன்றாக ஓடுகிறது. அளவெடுக்கும்போது, நேரா நில்லு, கையக் கட்டு என்று பெரிய பெரிய ஆண்களை அதட்டுகிறாள், அவர்களும் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நாம் எங்கே போனாலும் வகுப்பில் ஒரு துண்டு நம்மோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. என்னோடு எது வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வாத்தியார் வேலையை விட்டபின் செங்கல் சூளை போட்டு நான் கையைச் சுட்டுக்கொண்டது உனக்குத் தெரியும். அதற்கப்புறம்தான் நம் ஊர் வானொலியில் மதியம் துக்கச் செய்தி வாசிக்கக் கூப்பிட்டார்கள். போனவர் யார், அடக்கம் எங்கே, எந்தெந்த ஊரில் இருக்கும் எந்தெந்த உறவுக்குத் தகவல் போக வேண்டும் என்று ஒவ்வொரு பெயராக வாசிக்கும் வேலை. குரல் கணீரென்று இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். நிலையத்தை நடத்துகிற நஸ்ஸோலோ உன்னைவிடச் சின்னப் பெண், முதல் வாரமே என்னைப் பிடித்துக்கொண்டாள். சார், பேருக்குப் பேரு நிறுத்துறீங்களே, யாராச்சும் எந்திரிச்சு உள்ளேன் ஐயான்னு சொல்லுவாங்கன்னு காத்திருக்கீங்களா என்றாள். நானும் சிரித்தேன். ஆனால் சந்தைப் பெண்களுக்கு அது பிடித்துப்போயிற்று. வாத்தியார் வாசிச்சா அழறதுக்கு நேரம் கிடைக்குது, மத்தவன் வாசிச்சா பஸ் ஸ்டாண்டுல ஊர் பேரு கத்துற மாதிரி இருக்கு என்றார்கள். அந்த இடைவெளி எங்கிருந்து வந்தது தெரியுமா? உன்னிடமிருந்துதான். என் மூன்றாம் வகுப்பில் இரட்டைப் பிள்ளைகள் நீங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தபோது நான் உன் பெயரைக் கூப்பிட்டால் நீ உடனே சொல்ல மாட்டாய். தலையைத் தூக்கி, ஒரு மூச்சு இழுத்து, அதன் பிறகுதான் உள்ளேன் ஐயா வரும். உனக்காகக் காத்திருந்து காத்திருந்து எல்லாப் பெயருக்கும் அந்த ஒரு மூச்சு விடப் பழகிவிட்டேன். பபிரியே அப்படி இல்லை, உன் அக்கா வாயாடி. நீ காய்ச்சலில் வீட்டில் படுத்திருக்கும் நாட்களில் உன் பெயருக்கும் அவளே முந்திக்கொண்டு குரல் கொடுப்பாள். நீ வரவில்லை என்று எனக்கே தெரியும், நானும் அதே வீட்டிலிருந்துதானே வந்திருப்பேன், ஆனாலும் தங்கச்சிக்கு ஆப்சென்ட் விழக்கூடாது அவளுக்கு. அந்த வருஷ மழைக்காலத்தில் அவள் நம்மை விட்டுப் பறந்துபோனாள். அப்புறமும் உன் பெயருக்குப் பின் நான் காத்திருந்தேன், நீயும் மூச்சிழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

மழை தொடங்கிய சமயம் காப்பி வியாபாரி வாஸ்வா போய்விட்டதாகத் தகவல் கொண்டுவந்தாள் அவருடைய மருமகள். வடக்கே பிறந்த பெண், நம் முறை அவளுக்குத் தெரியாது. இரட்டையர் சாவதில்லை, பறந்துபோகிறார்கள் என்றுதான் நம் வாயில் வரவேண்டும், அந்த இன்னொரு சொல்லைச் சொன்னால் சொன்ன வாய் வெந்துபோகும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அவள் சாதாரணமாக எல்லாருக்கும் எழுதுவதுபோல எழுதிக் கொடுத்தாள், பெயரைப் பார்த்தாலே இரட்டைக் குழந்தைகளில் மூத்தவர் என்று தெரிகிற எனக்கு, இரட்டைப் பெண்களைப் பெற்றதாலேயே சலோங்கோ என்று ஊரே கூப்பிடுகிற எனக்கு, அன்றைக்குக் கண் எங்கே போயிற்றோ, எழுதியதை அப்படியே வாசித்துவிட்டேன். வாஸ்வா இறந்துவிட்டார் என்று. சொல்லி முடித்த இடைவெளியில், காதில் மாட்டியிருந்த கருவியில், யாரோ உள்ளேன் ஐயா என்றார்கள். கிழவர் குரல் இல்லை நகாட்டோ, பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் குரல்.

அவருடைய தம்பி காட்டோ நேராக நிலையத்துக்கே வந்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகத்தான் பேசினார். சலோங்கோ, எங்க அண்ணன் பறந்துட்டார்னு சொல்லியிருந்தா அவர் பாட்டுக்குப் போயிருப்பார், நீங்க வேற வார்த்தை சொன்னீங்க, அவர் நான் இன்னும் இருக்கேன்னு பதில் சொல்லிட்டார், எங்க வீட்டுல அத்தனை பேரும் கேட்டோம். எனக்கு ஒண்ணும் வராம நாங்க முறை செஞ்சுக்குவோம். நீங்கதான் பாத்துக்கணும், அந்த வார்த்தை சொன்னவங்க வீட்டு இரட்டையரைத் தேடித்தான் போகும் என்றார். மறுநாள் சரியான சொல்லைப் போட்டுத் திரும்ப வாசித்தேன், அந்த இடைவெளியில் சத்தமே இல்லை. ஒழிந்தது என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

போன வாரம் உன் அம்மாவின் அத்தை காலமானாள், நல்ல வயசு, அதற்காக நீ பயணம் கிளம்ப வேண்டாம். அந்தச் செய்தியும் என் கைக்குத்தான் வந்தது. மசாக்காவில் உன் பெரிய மாமா, என்டெப்பேயில் சின்ன மாமா, பிறகு ஜூபாவில் இருக்கும் நகாட்டோ. தகவல் போக வேண்டிய உறவுகளில் உன் பெயர், அவ்வளவுதான், நூறு தடவை கூப்பிட்ட பெயர்தானே. கூப்பிட்டேன். பெயரின் கடைசி எழுத்து என் வாயை விட்டு வெளியே வருவதற்குள் பதில் வந்துவிட்டது. மூச்சே இல்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நஸ்ஸோலோ ஒலி காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என் வாய் மூடியிருக்கிறது, முள் ஆடுகிறது. சார், உள்ள வேற யாரு இருக்காங்க என்று கேட்டாள், அதற்கப்புறம் அந்தப் பெண் என்னைக் கேலி செய்வதே இல்லை. வீட்டில் உன் அம்மா வெட்டுக்கிளி வறுத்துக்கொண்டே வானொலி கேட்டிருக்கிறாள். நான் போனபோது சட்டி தீய்ந்து கிடக்கிறது, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். இப்படி முந்திக்கிறவ என் மூத்தவதாங்க, தங்கச்சிய இன்னும் விட்டுக்கொடுக்கலை பாருங்க என்கிறாள். பெற்றவளுக்கு அந்தக் குரல் திரும்பக் கிடைத்ததே பெரிதாக இருந்தது. பபிரியே எந்த நாட்களில் உனக்காகப் பதில் சொல்வாள் என்பது வகுப்பில் நின்ற எனக்குத்தான் தெரியும். நான் அவளிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

உடனே உனக்கு ஃபோன் போட்டோம். நீ எடுத்தாய். நல்லா இருக்கேன்ம்மா, சும்மா பயப்படாதீங்க, வேற வேலை பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் என்று உன் குரலிலேயே பேசினாய், உன் அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் ஃபோனை வாங்கி, வேடிக்கைபோல, வகுப்பில் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டேன், நகாட்டோ. முடிப்பதற்குள் உள்ளேன் ஐயா என்று ஒரு சிரிப்பு. சின்ன வயசில் நீங்கள் இருவரும் பேசினால் குரலில் வித்தியாசம் கண்டுபிடிக்க உங்கள் அம்மாவாலேயே முடிந்ததில்லை. மகளே, நீ ஒருநாளும் எனக்கு அப்படி முந்திக்கொண்டு பதில் சொன்னவள் இல்லை. பயமாக இருக்கிறது, அப்பன் இதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, ஆனாலும் பயமாக இருக்கிறது.

அதனால்தான் காகிதம். நம் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை பென்சில், நாலாம் வகுப்பில்தான் பேனா. பபிரியே பேனா பிடிக்கும் வகுப்புக்கு வரவே இல்லை. உனக்குக் கூட்டெழுத்து நான்தான் கை பிடித்துச் சொல்லிக்கொடுத்தேன், உன் வளைவு எனக்குத் தெரியும். பேனாவால் நாலு வரி எழுதி முசிசியிடம் கொடு. அம்மா அனுப்பும் வறுவல் டப்பாவோடு ஒரு நீலப் பேனாவும் வைத்திருக்கிறேன். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தால் கொடுக்காதே, முகத்தைப் பார்த்துக் கொடு என்று அவனிடம் சொல்லப்போகிறேன், பைத்தியம் என்று நினைத்துக்கொள்ளட்டும். வேலை விஷயம் கேட்டாயே, உன் கைக்கு மாவு நன்றாக வரும், இங்கே வந்து ரொட்டிக் கடை போடு, நம்பூசேயின் கடைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. எது செய்தாலும் பெயர் வாசிக்கிற வேலை மட்டும் வேண்டாம். யார் உன்னைக் கூப்பிட்டாலும் முகம் பார்க்காமல் பதில் கொடுக்காதே. உன் எழுத்து வரும்வரை நான் வானொலிப் பக்கம் போவதாக இல்லை, நஸ்ஸோலோ வாசிக்கிறாள், சந்தையில் அவளைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கடவுளும் நம் குலத்துப் பெரியவர்களும் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும், கொதிக்க வைத்த தண்ணீரையே குடி, பேனாவை மறக்காதே. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஃபோன் அடிக்கிறது, உன் பெயர்தான் தெரிகிறது. எடுக்கச் சொல்லிக் கை துடிக்கிறது, எடுக்கவில்லை. நீயாக இருந்தால் அப்பாவை மன்னித்துவிடு. அவசரமில்லை கண்ணு, உன் வழக்கப்படி தலையைத் தூக்கி, ஒரு மூச்சு இழுத்துக்கொண்டே எழுது. உன்னைக் கூப்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும் அப்பா,
சலோங்கோ லுபோவா.