சந்தனம் பட்ட வில்லை

18 அக்டோபர் 1993
இயற்பியல் துறைத் தலைவர் இன்று சொல்லியே விட்டார். "சாரும் போயிட்டாருங்க. ரிட்டயராகி ஆறு வருஷமாச்சு. ரெஸ்ட் எடுக்கலாமில்லீங்களா மேடம்?" சார் என்றது இறந்துபோன என் கணவரை. நவம்பர் 27 கருத்தரங்கில் உருப்படியாக ஏதாவது காட்டினால் ஆய்வகத்தில் என் மேசை இருக்கும். இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.
கொடுக்க மாட்டேன்.

19 அக்டோபர்
என் மீக்கடத்தி வில்லை திரவ நைட்ரஜனில் குளிர்ந்ததும் தடையில்லாமல் மின்சாரம் கடத்துகிறது. ஆனால் நான்கு ஆம்பியர் வரைதான். "சரக்கு மட்டம்" என்கிறார் தலைவர். இல்லை! வில்லை என்பது பொரி உருண்டை மாதிரி. ஒவ்வொரு துகளும் நல்லது. துகளும் துகளும் ஒட்டுகிற எல்லையில்தான் மின்சாரம் தடுக்கி விழுகிறது. வெளிநாட்டில் எழுதியாயிற்று. இவருக்குக் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

25 அக்டோபர்
ஆயுத பூஜை விடுமுறை முடிந்து கொழுந்தனார் கோவிந்தராஜுலுவின் பீளமேட்டு ஃபவுண்டரி திறந்தது. அங்குள்ள அச்சில் பொடியை அழுத்திப் புது வில்லை ஒன்று செய்து, சின்ன உலையில் போட்டேன். வீட்டுத் தெலுங்கில் அண்ணியைக் கூப்பிடுகிறபடி, "வதினா, இத்தனை நாளா வடை சுட்டிருந்தா கடையே வெச்சிருக்கலாமுங்க."
நான் சிரிக்கவில்லை. அவர் போன பிறகு சிரித்தேன்.

4 நவம்பர்
மாட்டுக்குச் சினை ஊசி போடும் நிலையத்தில் திரவ நைட்ரஜன் வாங்கி வந்து அளந்தேன். அரை ஆம்பியர். நாலு தடவை பார்த்தாச்சு, அரைதான். என்ன செஞ்சுபோட்டேன்? அதே பொடி, அதே சூடு. மேலே வைத்த காந்தம் மட்டும் பழையபடியே மிதக்கிறது. காந்தத்தைத் தூக்கிப் பிடிப்பது துகள்கள்தான். அப்படியானால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

5 நவம்பர்
அழுத்தும் அச்சின் உள்ளே மஞ்சள் கறை! உலைக்காரர் கருப்புசாமியைக் கூப்பிட்டேன்.
"நாந்தானுங்கம்மா பூசைக்குப் பொட்டு வெச்சேன். லேத்துக்கு வெச்சுப்போட்டு இதுக்கு மட்டும் உட்டா கோவிச்சுக்காதுங்களா?"
கத்திவிட்டேன். சந்தனமும் குங்குமமும் எரிந்த மிச்சம் துகள்களின் நடுவில் போய் உட்கார்ந்திருக்கிறது.
ஆனால் அச்சைத் துடைக்காமல் பொடி போட்டது யார்? நான்தான்.

6 நவம்பர்
"அதை எறிஞ்சுபோட்டு நல்லதை மட்டும் காட்டுங்க வதினா." எறிவதா? கான்வென்ட்டில் தப்பான விடையை அழிக்கவே சிஸ்டர் விடமாட்டார். ஒரு கோடு அடித்து, படிக்கும்படி விட்டுவைக்க வேண்டும். இதுவும் இருக்கட்டும். அழுக்கு எல்லையில்தான், காந்தம் மிதக்கிறது, மின்சாரம் நிற்கிறது. இதைவிட என்ன சாட்சி?
ஒன்று தற்செயலாக இருக்கலாம். இன்னும் இரண்டு வில்லைகளில் வேண்டுமென்றே சந்தனம் சேர்த்தோம். கருப்புசாமியே தடவினார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. நேற்றுக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

19 நவம்பர்
அரை. முக்கால்.

27 நவம்பர்
சபையில் சிரிப்பு. "குங்குமம்னு பேப்பர்லயும் எழுதுவீங்களா மேடம்?" என்றார் தலைவர்.
"எழுதுவேன். துடைக்காதது நான் என்றும் எழுதுவேன். காந்தம் மிதக்கிறதா, பாருங்கள்."
குனிந்து பார்த்தார். நல்லதிலும் மிதந்தது, சந்தனம் பட்டதிலும் மிதந்தது.
"சரக்கு மட்டமென்றால் மிதக்குமா?"
தலைவர் காந்தத்தைப் பென்சிலால் தட்டிப் பார்த்தார்; மறுபடியும் மிதந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

2 டிசம்பர்
இன்று நான் போனபோது தலைவர் என் மேசையருகே நின்று, தானே செய்த வில்லைக்கு நைட்ரஜன் ஊற்றிக்கொண்டிருந்தார். பாதி வெளியே வழிந்தது. "கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும்" என்றேன். "இருங்க மேடம், நாற்காலி எடுத்தாரேன்" என்று நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.
வேண்டாம் என்றேன். இரண்டு பேரும் நின்றுகொண்டே அளந்தோம்.