எரிந்த பக்கத்துக் கதவு

சாந்தோம், சென்னை-4
9.11.1997

மகன் ஃபிரெட்ரிக்குக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் நானும் அப்பாவும் லிசாவும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம், மஸ்கட்டில் நீ சௌக்கியமாக இருப்பாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, எங்கே போட்டாலும் சௌக்கியமாக இருக்கத் தெரிந்த பிள்ளை நீ. முழங்கால் சிராய்ப்பு தழும்பு கூட இல்லாமல் ஆறிவிட்டது என்று எழுதியிருந்தாய், படித்துச் சந்தோஷப்பட்டேன். இங்கே மழை விடவில்லை. வேளச்சேரியில் உன் சித்தி வீட்டுக்குள் தண்ணீர் வந்து கட்டில் கால்வரை நிற்கிறது, துணிமணியோடு இங்கே வந்து தங்கியிருக்கிறாள். வந்த அன்றே லிசாவின் கையைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதாள், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மீன் ஆய்ந்தாள்.

கட்டிய மனைவி லிசாவைப் பற்றி நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இடது கையில் இரண்டு விரல் ஒன்றோடு ஒன்று ஒட்டிவிட்டது, தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்தது பாதிதான் பிடித்திருக்கிறது, பொங்கலுக்குப் பிறகு இன்னொரு ஆபரேஷன் என்கிறார் டாக்டர். அதுவும் வெந்து சரியாக மடங்காத வலது கையால் கரண்டியைப் பிடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறாள். தலை பின்னுவதும் புடவை கட்டிவிடுவதும் சோறு ஊட்டுவதும் நான்தான். விமானம் என்றாலே உனக்கு உடம்பு நடுங்குகிறது என்று நீ அங்கேயே நின்றுகொண்டு, கட்டுப் போட்ட கையோடு அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தனியே அனுப்பினாய் பார், அந்தப் பயணத்தில் அவளுக்குத் தண்ணீர் புகட்டியது யாரோ ஒரு ஏர் ஹோஸ்டஸ். கீழே இறங்கும்வரை அந்தப் பெண் இவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம், அதை மட்டும் லிசா என்னிடம் சொன்னாள். அங்கே நீங்கள் ஏறிய விமானம் தீப்பிடித்த நாளைப் பற்றி எப்போது கேட்டாலும், எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல அத்தை என்பாள், புகையில் மயங்கியிருப்பாள் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

உன் அப்பா இந்த இரண்டு மூன்று மாதமாக எப்படி இருந்தார் தெரியுமா. ரிட்டயர் ஆன பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்த்ததில்லை. எமர்ஜென்சி கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீதான் கதவைத் திறந்து எல்லோரையும் காப்பாற்றினாய் என்று போனில் சொன்னாயே, அதைப் பால்காரரிடம் சொன்னார், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் சொன்னார், பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். கிறிஸ்துமசுக்கு நீ வரும்போது பங்குக் கோயிலில் பொன்னாடை போடுவதாகச் சாமியார் ஒப்புக்கொண்டார். அன்று உடுத்த உனக்கென்று தி. நகர் போய் பேண்ட் சட்டைத் துணி எடுத்து வந்தார் மனிதர், காஸ்பர் வாத்தியார் மகன் என்றால் சும்மாவா என்று ஒரே பெருமை.

போன திங்கட்கிழமை சாயங்காலம் ஒருவர் வாசலில் வந்து நின்றார். நூர் முஹம்மது என்று பெயர், ராயப்பேட்டையில் தோல் வியாபாரமாம், உங்கள் விமானத்தில் உங்களுக்கு நேர் பின் வரிசையில் மனைவியோடும் மகளோடும் வந்தவர். ஆஸ்பத்திரியில் விசாரித்து முகவரி வாங்கி, லிசாவைப் பார்க்க ஒரு கூடை பழத்தோடு வந்திருந்தார். லிசா குளித்துக்கொண்டிருந்தாள் என்பதால் உட்காரச் சொல்லி டீ கொடுத்தேன். அப்பாவுக்குக் கேட்கவா வேண்டும், அந்த விமானத்தில் வந்தவர் என்று தெரிந்ததும் சுவரிலிருந்து உன் கல்யாணப் போட்டோவைக் கழற்றிக்கொண்டு வந்து, கதவைத் திறந்தது என் மகன்தான் சார், இதோ பாருங்க என்று நீட்டினார். அந்த மனிதர் போட்டோவையே பார்த்தார். உன் பக்கத்தில் நிற்கிற லிசாவையும் பார்த்தார். பிறகு டீயை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்தார், மன்னிச்சுக்குங்க, தெரியாம வந்துட்டேன், அந்த அம்மாவுக்கு இவரு வூட்டுக்காரர்னு எனக்குத் தெரியாது என்றார். அப்பா விடவில்லை, கையைப் பிடித்து உட்கார வைத்து, என்ன விஷயம் சொல்லுங்க, சொல்லாம போகக் கூடாது என்றார். சொல்லச் சொன்னது அவர்தான் ஃபிரெடி, பாவம்.

அந்த மனிதர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீ மறந்திருந்தால் உனக்கு உதவும். விமானம் ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு ஏர் ஹோஸ்டஸ் உங்கள் வரிசைக்கு வந்து, இது எமர்ஜென்சி வழி, ஏதாவது ஆனால் முதலில் ஜன்னல் வழியாக வெளியே பாருங்கள், நெருப்பு தெரிந்தால் இந்தக் கதவைத் திறக்கவே கூடாது, சம்மதமா என்று கேட்டாளாம். கால் நீட்டிக்கொள்ள வசதி என்று கேட்டு வாங்கிய இடமாயிற்றே, அவள் நீட்டிய அட்டையைப் பார்க்காமலே நீ தலையாட்டினாயாம். ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது உங்கள் பக்கத்து எஞ்சின் பற்றிக்கொண்டு விமானம் குலுங்கி நின்றது. அந்தப் பெண் நடைவழியில் நின்றுகொண்டு, இந்தப் பக்கம் தீ, திறக்காதீர்கள், அந்தப் பக்கம் போங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினாள். அந்தப் பக்கத்துக் கதவு திறந்து ஜனங்கள் இறங்கவும் தொடங்கிவிட்டார்கள். அப்போதுதான் நீ உன் பக்கத்துக் கதவைப் பிடுங்கி உள்ளே லிசாவின் மடியில் போட்டுவிட்டு, இறக்கை மேல் குதித்து ஓடினாய். நீ போன வழியாகத் தீ உள்ளே வந்தது. நூர் முஹம்மதின் மனைவி உனக்கு நேர் பின்னால் ஜன்னலோரம் இருந்தாள், அவள் வெளியே வரவேயில்லை. நீ திரும்பிப் பார்த்திருந்தால் அவள் முகம்தான் தெரிந்திருக்கும்.

லிசா அந்தக் கதவைத் தூக்கி மறுபடி அந்த ஓட்டையில் சாத்தி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். மடியில் விழுந்த கனத்தைத் தூக்க அவளுக்கு எங்கிருந்து பலம் வந்ததோ. பின் வரிசைக்காரர்கள் எல்லோரும் கடந்து போகும்வரை பிடித்திருக்கிறாள், நூர் முஹம்மது மகளைத் தூக்கிக்கொண்டு போகும்போது, சீக்கிரம் போங்கண்ணே என்று கத்தினாளாம். எம் பொண்ணு உசிரோட இருக்குன்னா அவங்க கையாலம்மா என்று சொல்லி அந்த மனிதர் முகத்தை மூடிக்கொண்டார். கடைசியாக அந்த ஏர் ஹோஸ்டஸ்தான் திரும்பி வந்து லிசாவை இழுத்து வெளியே தள்ளியிருக்கிறாள். ஏன் உங்களுக்குப் புருஷன் என்று தோன்றவில்லை என்று அப்பா கேட்டார், எதற்குக் கேட்டாரோ. அவர் சொன்னார், புருஷன்னா அப்படிப் போவாங்களா ஐயா, யாரோ வழிப்போக்கன்னு நெனச்சேன்.

லிசா ஈரத்தலையோடு கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு நான் கேட்டேன், ஏண்டி எங்களிடம் மறைத்தாய் என்று. மாமா சந்தோஷமா இருந்தாங்க அத்தை என்றாள்.

இதெல்லாம் நடந்து இரண்டு நாள் கழித்து உன் கடிதம் வந்தது. விசாரணைக்காரர்கள் லிசாவைக் கூப்பிடுவார்கள், அந்த ஏர் ஹோஸ்டஸ்தான் திறக்கச் சொன்னாள் என்று அவள் சொல்லவேண்டும், நீயும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாய், அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள், இனி லிசா சொல்வதில்தான் உன் பெயர் இருக்கிறது, அம்மா நீங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். சொன்னேன். உன் கடிதத்தை ஒரு வரி விடாமல் லிசாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள், விசாரணை வெள்ளிக்கிழமைதானே அத்தை, எனக்கு அந்தப் பச்சைப் புடவையைக் கட்டிவிடுங்கள் என்றாள்.

ஆழ்வார்பேட்டை ஆபீசுக்கு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளத்தில் ஆட்டோ குதிக்கும்போதெல்லாம் கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அங்கே மேஜைக்கு எதிரே இரண்டு பேர், மரியாதையாகத்தான் பேசினார்கள், என்னையும் பக்கத்தில் உட்கார விட்டார்கள். அந்தப் பெண் திறக்காதீர்கள் என்று கத்தியது உங்கள் காதில் விழுந்ததா என்று கேட்டார்கள். விழுந்தது என்றாள். உங்கள் கணவர் காதில் விழுந்திருக்குமா என்றார்கள். விழுந்துச்சு சார், நான் அவர் சட்டையைப் பிடிச்சு, வேணாங்க, அந்தப் பக்கம் போலாம்னு சொன்னேன், அங்க கூட்டமா இருக்கு, விடுடின்னு என் கையைத் தட்டிவிட்டுட்டுத் திறந்தார் என்றாள். இதை நூர் முஹம்மதும் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. உனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்ததை அந்த அறையில் நான் கேட்டேன், உன்னைப் பெற்ற நான். அவள் அழவில்லை. நானும் அழவில்லை. எழுதியதைப் படித்துக் காட்டி, கையெழுத்துப் போட முடியுமா என்று தயங்கினார்கள், பேனாவை இரண்டு கைக்கும் நடுவே வைத்து அழுத்தி எழுதினாள், பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது போல இருந்தது.

அந்த ஏர் ஹோஸ்டஸுக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்கிறார்கள். உன்னை மறுபடி கூப்பிடுவார்கள், தயாராக இரு. நேற்று அப்பா சாமியாரிடம் போய்ப் பொன்னாடை வேண்டாம் என்றார். ஏன் வாத்தியாரே என்று கேட்டதற்குக் காரணத்தையும் சொல்லிவிட்டார், வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார், முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் பேசிய குரல் அல்லவா. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை, நானும் உன் சித்தியும் தூக்கிக் கட்டிலில் போட்டோம். டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். ஆனால் பேச்சு இல்லை, உன் பெயரைச் சொன்னால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார், அதனால் சொல்வதில்லை.

கிறிஸ்துமசுக்கு நீ வர வேண்டாம். லிசா இனி உன்னிடம் வரமாட்டாள், எங்களோடு இருப்பாள், அவளுக்கு நாங்கள் இருக்கிறோம். வேளாவேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே, பூசையைத் தவறவிடாதே. நூர் முஹம்மதின் மனைவி பெயரை நீ எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை, கேட்டு வைத்திருக்க மாட்டாய். ஷம்ஷாத் பேகம். மனப்பாடம் செய்துகொள், ஜெபத்தில் சொல்ல வேண்டியிருக்கும். ஆண்டவர் உனக்கு நோய்நொடி இல்லாத உடம்பையும் மங்காத ஞாபகத்தையும் கொடுத்து, எங்கள் எல்லோரையும்விட நீண்ட நாள் உயிரோடு வைக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
பியாட்ரிஸ்