எண்களை அழித்த வகுப்பு

அன்புச் சின்னுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம், உன் அப்பாவின் முழங்காலைத் தவிர. அதுவும் கடைக்குப் போகச் சொன்னால்தான் வலிக்கிறது. நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். நர்ஸ் தேர்வில் மருந்தளவுக் கணக்கில் இரண்டாம் முறையும் தோற்றுவிட்டாய், இனிமேல் எழுதப் போவதில்லை, முதியோர் இல்லத்தில் உதவியாளராகவே இருந்துவிடுகிறேன் என்று நீ எழுதியதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "எனக்குக் கணக்கு வராதுன்னு நீதானேம்மா சொன்ன" என்று ஒரு வரி போட்டிருந்தாயே, அதற்குப் பதில் எழுத உட்கார்ந்து நாலு முறை காகிதத்தைக் கிழித்தேன். இப்போதுதான் சொல்ல ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது.

எங்கள் புதுத் தலைமையாசிரியை ஒரு சட்டம் போட்டார். படித்துப் புரிந்துகொள்ளச் சொல்லித்தருவதை மொழி ஆசிரியர் தலையில் மட்டும் கட்டக் கூடாதாம், எல்லாப் பாடத்திலும் செய்ய வேண்டுமாம். அதற்காக ஒவ்வொருவரும் தனக்குத் தெரியாத பாட வகுப்பில் போய் நின்று, எதையாவது வாய்விட்டுப் படித்து, எங்கே புரிகிறது எங்கே முட்டுகிறது என்று மனதில் ஓடுவதைப் பிள்ளைகள் எதிரிலேயே சொல்ல வேண்டுமாம். இருபத்தெட்டு வருடம் கணக்கு நடத்தியவளுக்கு இது தேவையா என்று ஆசிரியர் அறையில் நான் போட்ட சத்தத்தில் மணி அடித்ததே யாருக்கும் கேட்கவில்லை. என் வகுப்புக்கு வந்து சேர்ந்தவர் யார் தெரியுமா, நீ தூங்குமூஞ்சி சார் என்று பெயர் வைத்தாயே, அந்த வரலாற்று ஆசிரியர். சரிதான், பிள்ளைகளுக்கு இன்றைக்குத் தாலாட்டு என்று கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

பலகையில் இருந்த கணக்கு இது: இருநூற்று நாற்பது லிட்டர் பிடிக்கும் தொட்டி பாதி நிறைந்திருக்கிறது, குழாய் நிமிடத்துக்குப் பன்னிரண்டு லிட்டர் விடுகிறது, அடியில் நிமிடத்துக்கு நான்கு லிட்டர் கசிகிறது, எப்போது நிறையும்? முந்தின நாள் வகுப்பு முழுக்க முப்பது நிமிடம் என்று எழுதி என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. இவர் படித்தார், தலையைச் சொறிந்தார், "இவ்வளவு நம்பரைப் பாத்தா எனக்கே பயமா இருக்கு" என்று டஸ்டரை எடுத்து எண்களை எல்லாம் அழித்துவிட்டார். "இப்ப தொட்டியில என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். என் வகுப்பில் இதுவரை வாய் திறக்காத ஒரு பெண் எழுந்து, "சார், அதுல ஏற்கெனவே பாதி தண்ணி இருக்கு, மிச்சத்தைத்தான் நிரப்பணும்" என்றாள். அவர் எண்களைத் திரும்ப எழுதி முடிப்பதற்குள் பதினைந்து, பதினைந்து என்று நாலா பக்கமும் குரல். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது சின்னு, பாடம் நடத்துவதை முதல்முறை பார்க்கிறவள் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கணக்கைக் கண்டதும் முதலில் எண்களைக் கட்டம் கட்டு என்று வருடா வருடம் சொல்லிக்கொடுத்தவள் நான். பாதி என்பது எழுத்தில் இருந்ததால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், நீ போட்டோ எடுத்து அனுப்பிய பயிற்சித் தாளைத் தேடினேன். எண்களைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு படித்தேன். 'காலையில் ஒரு வேளை மருந்து கொடுத்தாகிவிட்டது' என்று ஒரு வரி அங்கேயே இருக்கிறது. எண்களை ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டியிருக்கிறாய், பெருக்கல் வகுத்தலில் ஒரு பிசகு இல்லை, அந்த வரியை மட்டும் நீ படிக்கவே இல்லை. உன் கையைப் பிடித்து அப்படிக் கட்டம் போட வைத்ததும் நான், வராது என்று தீர்ப்புச் சொன்னதும் நான். உனக்குக் கணக்கு வரும்மா. அம்மா செய்தது தப்பு. இதை உன் அப்பாவிடம் சொன்னேன், "தேதியைக் குறிச்சு வச்சுக்கறேன்" என்கிறார்.

தேர்வுக்குப் பெயர் கொடுக்க இருபதாம் தேதிதான் கடைசி, மறந்துவிடாதே. நீ நினைத்தது நடக்கும், நோய் நொடி அண்டாமல் நன்றாக இரு. வியாழக்கிழமை அறிவியல் வகுப்பில் போய் நின்று படிக்க என் முறை வருகிறது. பாடத்தைப் புரட்டிப் பார்த்தேன், முதல் பத்தியே புரியவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. நீயும் பெயர் கொடு, இரண்டு பேரும் பயந்துகொண்டே படிப்போம்.

உன் அன்பு,
அம்மா