ஐஸ் ஆலையில் புதன்கிழமைக் கூட்டம்

புதன்கிழமை, இரவு



புதன்தோறும் எங்கள் ஐஸ் ஆலையில் வேலையாட்களுடன் கூட்டம் வைக்கத் தொடங்கியது நான்தான். இதுவரை எல்லோரும் தேநீரைக் குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழும்பிப் போவார்கள். இன்றைக்குத்தான் ஐஸ் உடைக்கும் நஸீமா முதன்முதலாக வாய் திறந்தாள்.

"மெஷின் அறைக்குள்ள அமோனியா மணக்குது அக்கா. எனக்கு இனி அங்க போக ஏலாது."

மெஷினுக்குப் பொறுப்பு என் தம்பி ரமணன். "அவவுக்குச் சும்மா பயம். அங்க ஒண்டும் இல்லை," என்றான்.

மற்றவர்கள் என்னையே பார்த்தார்கள். விடிந்தால் மீன்பிடிப் படகுக்காரர் ஐஸுக்கு வருவார்கள். ஐஸ் இல்லையென்றால் வேறிடம் போய்விடுவார்கள். இருந்தும் மெஷினை நிறுத்தச் சொன்னேன். ரமணன் மெஷின் அறைத் திறப்பை மேசையில் எறிந்துவிட்டு வெளியே போனான்.

பின்னேரம் சீனன்குடாவிலிருந்து வந்த மெக்கானிக், அமோனியாக் குழாயில் இருந்த வெடிப்பைக் காட்டினார். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் உள்ள நிண்ட ஆக்கள் தப்பியிருக்கமாட்டினம்," என்றார்.

அதைச் சொல்லத்தான் ரமணனுக்குப் போன் எடுத்தேன்.

"எனக்குத் தெரியும் அக்கா."

"தெரிஞ்சுகொண்டோ அவளை உள்ள அனுப்பினனீ?"

"சொன்னால் மூடச் சொல்லுவீங்கள். சீசன் முடியட்டும் எண்டு இருந்தனான்."

போனை வைத்துவிட்டேன்.

அடுத்த கூட்டத்தில் நஸீமாவின் முன்னால் இதை அவன் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அவன் வராவிட்டால் நான் சொல்லுவேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.