ஒஷாவா வீட்டுச் சாம்பிராணி

அஜின்கோர்ட்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் கீதனுக்கு,

அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கு நாங்கள் சுகம், கல்கரிக் குளிரில் நீயும் சுகமாய் இருக்க மாமாங்கேஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். போனில் வீட்டுக் கதையை எடுத்தாலே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன், முழுவதையும் வாசி.

நீ வாடகைக்கு விட வாங்கப்போகும் ஒஷாவா வீட்டைப் போன வாரம் போய்ப் பார்த்தோம். வாசலிலேயே சாம்பிராணி வாசம். உன் அப்பா உருகிப்போய், இது லட்சுமி குடியிருக்கிற வீடு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆளில்லாத வெள்ளைக்காரர் வீட்டில் சாம்பிராணி போட்டது யார் என்று அவர் யோசிக்கவில்லை. போட்டது வீடு விற்றுக்கொடுக்கிற ஏஜென்ற் லவன், எங்கள் சொந்தக்காரப் பொடியன்தான், கேட்டால் சிரிக்கிறான். ஆனால் கீழே பேஸ்மென்றில் அவனுடைய சாம்பிராணி எடுபடவில்லை. புதுப் பெயின்றையும் மீறிப் பூனை மூத்திரம் போல ஒரு நெடி, எனக்குக் கண் எரிந்தது. பக்கத்து வீட்டு ஸ்டெபனியை விசாரித்தேன். முன்பு குடியிருந்தவர்கள் கீழே போதைமருந்து காய்ச்சியதாகப் பேச்சு, ஒருநாள் பொலிஸ் முகமூடியோடு வந்து சாமான்களை ஏற்றிப்போனது என்றாள். வீட்டைச் சோதிக்க வேண்டும் என்று லவனிடம் சொன்னால், "உது பழைய கதை அன்ரி, ரெஸ்ற் கிஸ்ற் எண்டு நிண்டா வீடு கைவிட்டுப் போயிடும்" என்கிறான். சொந்தக்காரனைச் சந்தேகப்பட்டால் நாளைக்கு எப்படி முகத்தில் முழிப்பது என்று அப்பா. நீயோ, "நாங்களா அம்மா இருக்கப்போறம், வாடகைக்குத்தானே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். வாடகை கொடுப்பவர்கள் மூச்சு விட மாட்டார்களா? உங்கள் மூவரோடும் மாரடித்து எனக்கு அலுத்துவிட்டது.

இதற்குள் அந்தப் பேஸ்மென்றுக்கு ஆளும் வந்துவிட்டது. அப்பா கோயிலில் சொல்லி வைத்ததைக் கேட்டு, எங்கள் ஊர் நிஷாந்தி, தவழத் தொடங்கிய குழந்தையோடு வீடு தேடி அலைபவள், எனக்குப் போன் எடுத்தாள். "உங்கட மகன்ர வீடு எண்டா நான் ஒண்டும் பாக்கத் தேவையில்லை அன்ரி" என்றாள். போனை வைத்த கையோடு இதை எழுத உட்கார்ந்தேன்.

வீடு வாங்காதே என்று நான் சொல்லவில்லை. காய்ச்சிய நஞ்சு இன்னும் ஊறிக் கிடக்கிறதா என்று, விஷயம் தெரிந்த ஆளைக் கொண்டு சுவரையும் கார்பெற்றையும் சோதித்துப் பார், விற்கிறவர்கள் விட மாட்டோம் என்றால் அந்த வீட்டை விட்டுத் தொலை. அதற்கும் மனமில்லையென்றால், கையெழுத்துப் போட முன் நிஷாந்திக்குப் போன் எடுத்து, ஸ்டெபனி சொன்னதை உன் வாயால் சொல்லு. இலக்கத்தை மறுபக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஆண்டவன் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தரட்டும். அவளோடு கதைக்கும்போது குழந்தைக்கு என்ன பெயர் என்றும் மறக்காமல் கேள்.

உன் அம்மா
கோணேஸ்வரி