டீக்கடை வழியாக வரும் மோட்டார்கள்

என் அன்பு மாமாவுக்கு,

மேலே உங்களை யாரும் "மோட்டார் ரெடியா?" என்று கேட்டுத் தொந்தரவு செய்யவில்லையே? இங்கே என்னைக் கேட்கிறார்கள். எது யாருடைய கிணற்று மோட்டார், என்றைக்குத் தருவதாகச் சொன்னோம், எல்லாம் உங்கள் மண்டைக்குள்தான் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

நம் பட்டறைக்குப் பழுது பார்க்க வந்த ஒருவர் மோட்டாரை இன்னொருவருக்குக் கொடுத்தனுப்பினோம். ஆட்கள் வேறு பட்டறை பார்த்துப் போனார்கள். உங்கள் தம்பி, "பேசாம பட்டறையைப் பேக்கரிக்கு வாடகைக்கு உட்டுப்போடலாங்க அண்ணி" என்றார். கோயமுத்தூரில் இன்னும் ஒரு பேக்கரியா! எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

காந்திபுரத்தில் சிஸ்டம் அனாலிசிஸ் வகுப்பில் சேர்ந்தேன். கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன், வேலை எங்கே தொடங்கி யார் கை மாறி எங்கே முடிகிறது என்று படம் போட வேண்டுமாம். வேலை செய்பவர்களைக் கேட்க வேண்டுமாம். நம் மெக்கானிக் பழனிச்சாமியைக் கேட்டேன்.

"மோட்டார் வந்ததும் போன்ல பதிஞ்சுருவீங்களா?"

"பதிஞ்சுபோடலாங்க அக்கா."

எதைக் கேட்டாலும் அதே தலையாட்டல். கூடப் படிக்கும் பிள்ளைகளை வைத்து, போனில் பதிவதற்கு ஒரு மொபைல் ஆப்பும் செய்துவிட்டேன். ஒரு மோட்டார்கூட அதில் ஏறவில்லை.

"ஏனுங்க பழனிச்சாமி?"

"கையெல்லாம் கிரீசுங்க. நீங்க ஆசையாக் கேக்கறப்ப எப்படீங்க முடியாதுன்னு சொல்றது?"

வகுப்பு வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். "கேக்காதீங்க, உக்காந்து பாருங்க" என்றார்.

பார்த்தேன். மோட்டாரோடு வருகிறவருக்கு டீ வாங்கித் தராமல் வேலை பேசுவது நம் பக்கம் வழக்கமில்லையே. பழுது, பெயர், தேதி எல்லாம் எதிர்க் கடையில் டீயோடு பேசி முடிந்துவிடுகிறது. பட்டறைக்குள் மோட்டார் மட்டும்தான் வருகிறது. அதனால் டீக்கடை பெஞ்சில் நானே போனோடு உட்கார்ந்து, அவர்கள் பேசப் பேசப் பதிய ஆரம்பித்துவிட்டேன். படத்திலும் டீக்கடைக்கு ஒரு கட்டம் போட்டேன். வகுப்பே சிரித்தது. வாத்தியார் மட்டும் "இதுதாங்க சரி" என்றார்.

ஒன்று கேட்கட்டுமா? "நெஞ்சு வலிக்குதுங்களா" என்றபோதெல்லாம் "ஒண்ணுமில்ல அம்மணி" என்றீர்களே. அதுவும் பழனிச்சாமி சொன்ன மாதிரி ஒரு பதில்தானா? எனக்குக் கோபம்தான், மாமா.

இப்போது மோட்டார் மாறுவதில்லை. போனவர்கள் திரும்பி வருகிறார்கள். நேற்று உங்கள் தம்பியும் வந்தார். பேக்கரி என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். வேட்டியை மடித்துக் கட்டி, டெம்போவிலிருந்து மோட்டார் இறக்கக் கை கொடுத்தார். பிறகு மோட்டார்க்காரரைத் தோளில் தட்டி, "வாங்க, ஒரு டீ குடிக்கலாம். எங்க அண்ணி அங்கதான் இருக்காங்க" என்றார்.

பட்டறையை விடமாட்டேன், மாமா. நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

எப்போதும் உங்கள் வீட்டுக்காரி,
சரஸ்வதி